அலினாஃபே அழுத காரணம்

டோரிகா வீட்டுக் குதிரில் மக்காச்சோளம் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்த ஒரு ஜூலை மாதத்தில்தான், அவள் மகள் பட்டினி கிடக்கிறாள் என்ற செய்தி நம்பேரா ஊருக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் டோரிகாவின் தாய்மாமன் பிசெக்கி. கடைத்தெருவில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் எழுந்து ஓடிவந்திருந்தார். கையில் இருந்தது முடிவெட்டுகிறவனின் கைபேசி. அவன் பின்னாலேயே "பெரியவரே, போனைக் குடுங்க பெரியவரே" என்று கத்தரியோடு வந்தான்.

"டோரிகா! வெளிய வாடி. உன் புருஷன் குடும்பம் நடத்தற லட்சணத்தை உலகமே பார்க்குது."

முறத்தில் பொடி மீனைப் புடைத்துக்கொண்டிருந்த டோரிகா நிமிர்ந்தாள். கைபேசியில் அவள் மகள் அலினாஃபே. நீலச் சீருடையில், முகமெல்லாம் கண்ணீரும் புழுதியுமாக, உதடு பிதுங்க அழுதுகொண்டிருந்தாள். அடியில் கொட்டை எழுத்தில் ஆங்கிலம்.

"படிச்சுக் காட்டுடா" என்றார் மாமா.

முடிவெட்டுகிறவனுக்கு எட்டாம் வகுப்பு ஆங்கிலம் உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டான். "இவள் பெயர் அலினாஃபே. தினமும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறாள். இவளுக்காக நீங்கள் நடப்பீர்களா?"

"நடக்கிறதா? எங்க நடக்கிறது?"

"அவங்க ஊர்லதாங்க்கா. நம்ம ஸ்கூலுக்குக் காசு சேர்க்கிறாங்களே, அந்த இங்கிலாந்துக்காரங்க. பத்து மைல் நடந்தா தெரிஞ்சவங்க எல்லாம் காசு குடுப்பாங்களாம்."

"சும்மா நடக்கிறதுக்கா?"

"சும்மா நடக்கிறதுக்குத்தான்."

தினம் இரண்டு நடை தலையில் குடத்தோடு அடிபம்புக்குப் போய்வரும் டோரிகாவுக்கு வேறு ஒரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தப் படம் எடுத்த நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. போன ஆகஸ்டில், சிப்பினி பள்ளிக்கூடத்தோடு நெட்பால் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் வளையத்துக்கு நேர் கீழே நின்று அலினாஃபே பந்தைத் தவறவிட்டாள். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. தரையில் விழுந்து புரண்டு அழுத அழுகையில் ஊரே திரண்டுவிட்டது. காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் போன பிள்ளை அது! சாயங்காலம் வந்து தோற்ற துக்கத்தில் இரண்டு தட்டுக் களி தின்றாள். வெள்ளைக்காரர்களோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண் கழுத்தில் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்ததை டோரிகா பார்த்திருந்தாள். ஏதோ ஆசைக்கு எடுக்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

"மாமா, இவ எதுக்கு அழுதான்னு உங்களுக்கே தெரியும். நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? அச்சுல போட்டிருக்கான், பொய்யா சொல்வான்? நான் உனக்குக் கல்யாணம் பேசி முடிச்சவன். நாளைக்கு நாலு பேர் என்னைத்தானே கேப்பாங்க? சோறு போடாத மாப்பிள்ளையை வச்சு அழகு பார்க்கிறியான்னு!"

அந்தப் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பான். வீடும் பெண்ணுடையது, நிலமும் பெண்ணுடையது. அவன் கொண்டுவருவது ஒரு போர்வை, ஒரு கோடரி, இரண்டு கைகள். குடும்பத்தைப் பட்டினி போடுகிறான் என்று பெண்ணின் மாமன் ஊர்ச் சபையில் சொல்லி அது எடுபட்டுவிட்டால், போர்வையைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

பிசெக்கி மாமாவுக்கு அது எடுபட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஓடைக்கரையில் டோரிகாவுக்கு ஒரு துண்டு ஈர நிலம் இருந்தது. சோம்பா நகரத்திலிருந்து வரும் காய்கறி வியாபாரிக்கு அதைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மாமா இரண்டு வருடமாக நச்சரித்தார். அதில் வெங்காயமும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த டோரிகாவின் கணவன் வைசன் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாமாவுக்கு மாப்பிள்ளை நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம்.

வைசன் அப்போதுதான் சைக்கிளில் தக்காளிக் கூடையோடு வந்து இறங்கினான். ஆறடி ஆள், அதிகம் பேசமாட்டான். படத்தைப் பார்த்தான். முடிவெட்டுகிறவனை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"என் பொண்ணுக்கு நான் சோறு போடலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கூடையை இறக்கக்கூட மறந்து நின்றான். அந்த முகத்தை டோரிகாவால் பார்க்க முடியவில்லை.

மாமா அன்றே ஊர்த்தலைவியிடம் போய்ப் பிராது கொடுத்துவிட்டார். சனிக்கிழமை சபை என்று சொல்லியனுப்பினார் தலைவி.

டோரிகா நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமை ஆசிரியர் சிலெஞ்சே அறையில் சுண்ணக்கட்டிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அலினாஃபே அழற படத்தைப் பார்த்தீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அது வந்து… ஏப்ரல்ல அனுப்பினாங்கம்மா."

"ஏப்ரல்லயா? மூணு மாசமா தெரியுமா உங்களுக்கு?"

"சத்தம் போடாதீங்க அலினாஃபே அம்மா. வகுப்பு நடக்குது. இத்தனை வருஷத்துல அவங்க போட்டதுலயே இந்தப் படம்தான் நல்லா போச்சாம். அஞ்சாம் வகுப்பு மாமரத்தடியில உட்கார்ந்திருக்கே, அதுக்குக் கட்டடமும் கூரைத் தகடும் இதுலதான் வருது. டிசம்பர்ல மழை வந்துடும். நான் என்ன பண்ணட்டும்?"

"என் புள்ள கண்ணீரைக் காட்டித்தான் கூரை போடணுமா சார்? அவ பந்தைத் தவறவிட்டா. நீங்கதானே விசில் ஊதினீங்க! ஒரு வரி எழுதிச் சொல்லியிருந்தா உங்க கை தேஞ்சு போயிருக்குமா?"

சிலெஞ்சே கெட்டவர் இல்லை. தொண்ணூறு பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவர். கூரை கிடைக்கிறது என்றால் வாய் தானாகவே மூடிக்கொள்ளும் என்று டோரிகாவுக்கும் புரிந்தது. புரிந்ததனால் ஆத்திரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"பெரில் அம்மா வியாழக்கிழமை வர்றாங்க" என்றார் அவர் மெதுவாக. "அவங்கதான் அங்க எல்லாத்துக்கும் பொறுப்பு."

"வரட்டும். சபைக்குக் கூட்டிட்டு வாங்க."

பெரில் அம்மாவுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கேக் சுட்டு விற்றும், பழைய துணி விற்றும், நடந்தும், ஒன்பது வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தார். சபையில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். நடப்பது தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். சிலெஞ்சே பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று.

மாமா எழுந்து நீட்டி முழக்கினார். படம் சொல்கிறது, அச்சு சொல்கிறது, வெள்ளைக்காரர்களே சொல்கிறார்கள் என்றார். பாதி வெட்டிய தலை அப்படியே இருந்ததால் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

அந்த ஊரில் தலைமைக்கு வருகிறவருக்கு ஊரின் பெயரே பெயர். தலைவி நம்பேரா அலினாஃபேயைக் கூப்பிட்டார். "நீ சொல்லு தாயி. எதுக்கு அழுத?"

"தோத்துட்டோம் பாட்டி."

"பசிக்கலியா?"

அலினாஃபேவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது. "அப்ப பசிக்கலை. இப்பதான் பசிக்குது. காலையிலேர்ந்து இங்க உட்கார வச்சிருக்கீங்க."

சபை கொல்லென்று சிரித்தது. தலைவி கையமர்த்திவிட்டுப் பெரில் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்தப் புள்ளைகிட்ட ஏன் அழறேன்னு உங்க ஆளுங்க யாராவது கேட்டாங்களா?"

சிலெஞ்சே மொழிபெயர்த்தார். பெரில் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப பசின்னு யார் சொன்னது?"

பெரில் சொன்னதைச் சிலெஞ்சே திருப்பிச் சொன்னார். "யாரும் சொல்லலை. நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

டோரிகா எழுந்துவிட்டாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"நீங்களா நினைச்சுக்கிட்டீங்க! என் புள்ள மூஞ்சிய ஊர் ஊரா ஒட்டி, என் வீட்டுல அடுப்பு எரியலைன்னு சொல்லியிருக்கீங்க. எங்க வீட்டுக்கு நீங்க வந்திருக்கீங்களா? என் கையால ஒரு வாய் சாப்பிட்டிருக்கீங்களா? இதோ இந்த மனுஷன் ஒரு நாள்கூட வீட்டுல படுத்துக் கிடந்ததில்ல. உங்க ஒரு காகிதத்தால இன்னிக்குத் திருடன் மாதிரி நிக்கிறாரு. வாங்க எல்லாரும். எங்க குதிரைப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

தலைவி எழுந்தார். தலைவி எழுந்தால் சபை எழும். எல்லோரும் டோரிகா வீட்டுக்கு நடந்தார்கள். வைசன் ஏணி வைத்து மூங்கில் குதிரின் கூரையைத் தூக்கினான். தலைவி தாமே ஏறி, கையை உள்ளே விட்டு, ஒரு கதிரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். தீர்ப்புக்கு அதற்கு மேல் நேரம் ஆகவில்லை. மாப்பிள்ளை மேல் குற்றமில்லை. பொய்ப் பிராது கொண்டுவந்த பிசெக்கி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோழி கொண்டுபோய் விடவேண்டும். பெரில் அம்மா தன் ஊரில் எத்தனை பேரிடம் இந்தப் பிள்ளை பட்டினி என்று சொன்னாரோ, அத்தனை பேரிடமும் இல்லை என்று சொல்லவேண்டும்.

பெரில் அங்கேயே நின்று அழுதுவிட்டார். மூக்கு சிவக்க, கைக்குட்டை நனைய அழுதார். டோரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாற்றிவிடுகிறேன், சத்தியமாக மாற்றிவிடுகிறேன் என்றார். ஊரில் காட்டுவதற்கு இந்தக் குதிர் முன்னால் உங்கள் குடும்பத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார். டோரிகாவுக்கு மனம் இளகியது. நல்ல சீட்டித் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வைசன் கோயிலுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டான். அலினாஃபே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அன்று ராத்திரி மாமாவின் கோழிதான் குழம்பு.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அக்டோபரில் கூரைத் தகடுகள் வந்து இறங்கின. அவற்றை அடித்துக் கொடுக்கக் கீத் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர். புதுத் துண்டுக் காகிதங்கள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தார். சொன்னபடி மாற்றிவிட்டோம் என்று சொல்லச் சொல்லிப் பெரில் கொடுத்தனுப்பியிருந்தார்.

சிலெஞ்சே அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு டோரிகா வீட்டுக்கு வந்தார். கொடுக்கவும் மனமில்லை, மறைக்கவும் துணிவில்லை. இந்தத் தடவை மூன்று மாதம் காத்திருக்கவில்லை, அதுவரைக்கும் தேவலாம்.

காகிதத்தில் இரண்டு படம். இடது பக்கம் அதே அழுகை. வலது பக்கம் குதிர், கோட்டு, சீட்டி, சிரிப்பு.

"படிங்க சார்."

"போன வருடம் அலினாஃபே பசியோடு அழுதாள்…" என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார்.

"முழுசாப் படிங்க."

"இன்று, உங்கள் உதவியால், அவள் வீட்டுக் குதிர் நிறைந்திருக்கிறது. நன்றி."

கேட்டீர்களா இந்தக் கூத்தை? விதைத்தவன் வைசன். களை எடுத்தவன் அவன். நாற்பது மூட்டையை முதுகில் சுமந்து கொண்டுவந்து கொட்டியவன் அவன். பெயர் வாங்கியது, எங்கோ ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை பத்து மைல் உலாவப் போனவர்கள்!

பிசெக்கி மாமாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும் போலிருக்கிறது. அரை மணிக்குள் வாசலில் நின்றார். "அதானே பார்த்தேன்! வெள்ளைக்காரங்க குடுத்த சோளத்தைக் காட்டியா சபையை ஏமாத்தினான்? என் கோழியைத் திருப்பிக் குடு. நாளைக்கே மறுபடி சபை கூட்டறேன்."

வைசன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் போர்வை இருந்தது. அதைச் சைக்கிள் கேரியரில் வைத்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் டோரிகா.

"எத்தனை தடவை குதிரைத் திறந்து காட்டறது டோரிகா? ஒவ்வொரு தடவையும் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கணுமா? நான் என் அம்மா ஊருக்கே போறேன். அங்க நான் விளைச்சதை நான் விளைச்சதுன்னு சொல்ல ஆள் இருக்கு."

பதினான்கு வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மாமா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

டோரிகா கேரியரிலிருந்து போர்வையை வெடுக்கென்று உருவினாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கூடை நிறையச் சோளக் கதிரை அள்ளிக்கொண்டு, சபைத் திடலுக்கு விறுவிறுவென்று நடந்தாள். என்ன ஆகுமோ என்று எல்லோரும் பின்னால் ஓடினார்கள். திடல் நடுவில் போர்வையை விரித்தாள். கதிர்களைக் கொட்டினாள். அப்புறம் போட்டாள் ஒரு சத்தம், அடிபம்பில் நின்ற பெண்களும் ஓடிவரும்படி.

"வாங்கடி எல்லாரும்! பெரில் அம்மாவுக்குப் பசி! போன தடவை இதே ஊர்ல தேம்பித் தேம்பி அழுதாங்களே, எல்லாரும் பார்த்தீங்கதானே? பாவம், வீட்டுல ஒண்ணும் இல்ல போலிருக்கு. ஆளுக்கு ஒரு படி குடுங்க!"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் சிரித்தது தலைவி நம்பேராதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு படி கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான், பெண்கள் ஓடினார்கள். "அங்க குளிராமே, பாவம், வெறும் வயிறா நடக்கிறாங்களாம்" என்றாள் ஒருத்தி. "பத்து மைலாம்டி! வீட்டுல சோறு இருந்தா எவ நடப்பா?" என்றாள் இன்னொருத்தி. போர்வை மேல் சோளம் குவிந்தது. அறுபத்திரண்டு வீட்டில் அறுபத்தோரு வீடு வந்துவிட்டது.

டோரிகா மாமாவைப் பார்த்தாள். "மாமா, உங்க வீட்டுப் பங்கு?"

"நான் எதுக்குக் குடுக்கணும்?"

"ஏன், உங்க வீட்டுச் சோளமும் வெள்ளைக்காரங்க குடுத்ததா?"

தலைவி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "கேக்கறாள்ல பிசெக்கி. சொல்லு. அவன் வீட்டுது அவன் விளைச்சதில்லைன்னா, உன் வீட்டுது யார் விளைச்சது? இன்னிக்கே ஏணி வச்சுப் பார்த்துடலாமா?"

மாமா போனார். ஒரு கிண்ணத்தில் அரைப் படி கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, வைசனின் போர்வை மேல் கொட்டினார். மறு சபை பற்றி அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவில்லை.

மில்லில் கொடுத்து அரைத்தார்கள். கீத்தின் பெட்டியில் எடை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டு, அந்த அளவுக்கு ஒரு பையில் மாவைக் கட்டினார்கள். மீதி பள்ளிக்கூடத்துக் கஞ்சிக்குப் போயிற்று. கீத்துக்கு முதலில் இது ஏதோ பிரியத்தில் கொடுக்கும் பரிசு என்றே தோன்றியது. சிலெஞ்சே விளக்கியதும் ஆணியை வாயிலிருந்து எடுத்தார், காது வரை சிவந்தார். கட்டாயம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

கடிதம் எழுதத்தான் சிலெஞ்சே தயங்கினார். "அம்மா, இன்னும் ரெண்டு வகுப்புக்குக் கூரை வரணும். அவங்க கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும் சார். எனக்கு ரெண்டு தரம் கோவம் வந்துச்சே, நான் செத்தா போனேன்? பொய் சொன்னாத்தான் கூரை வரும்னா மாமரத்தடியே போதும். என் புள்ளையும் அங்கதான் படிச்சா. எழுதுங்க, நான் சொல்றேன்."

அவர் எழுதினார். திடலில் அன்று கூட்டம் குறையவில்லை, மாமாவும் ஓரமாக நின்றார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்தார்:

"பெரில் அம்மாவுக்கு. ஜூலை மாதம் எங்கள் ஊரில் நீங்கள் அழுததைப் பார்த்தோம். ஏன் அழுகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பசி என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அறுபத்திரண்டு வீடுகள் சேர்ந்து இந்த மாவைக் கொடுத்திருக்கின்றன. உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வந்து பார்த்ததில்லை. உங்கள் கணவர் உங்களுக்குச் சோறு போடுவதில்லை என்று எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பலாமா? வேண்டாம் என்றால் பதில் எழுதுங்கள். எதனால் வேண்டாம் என்பதையும் எழுதுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை.

"கீழ யார் பேர் போட? உங்க பேரா, தலைவி பேரா?" என்று கேட்டார் சிலெஞ்சே.

"மாவு யாரு வீட்டுலேர்ந்து முதல்ல வந்துச்சோ அவரு பேரை. விளைச்சவர்னு போடுங்க." டோரிகா கணவன் பக்கம் திரும்பினாள். "வாங்க, நீங்களே எழுதுங்க."

வைசன் பேனாவை வாங்கினான். மாமா பார்த்துக்கொண்டு நிற்க, தன் பெயரை முழுசாக எழுதி, அதற்குக் கீழே தன் ஊர் நம்பேரா என்றும் எழுதினான்.